பண்ணைச் சால்மன் மீன்: வாங்கலாமா? கேட்க வேண்டிய மூன்று கேள்விகள்



"சால்மன் மீனு சாப்பிட்டா புள்ளைங்களுக்கு மூளை வளருமாமே, நெஞ்சு வலி வராதாமே, நாமளும் வாங்கிப் பார்க்கலாமா?" என்று கேட்கிறவர்கள் இப்போது தோட்டங்களிலும் இருக்கிறார்கள். பட்டணத்துப் பேரங்காடியில் ஐஸின் மேல் ஆரஞ்சு நிறத்தில் அடுக்கி வைத்திருக்கும் அந்த மீனைப் பார்த்தவர்கள், கூடவே விலைச் சீட்டையும் பார்த்திருப்பார்கள். இன்னொரு பக்கம், "அது சாயம் ஊத்தி வளக்குற மீனு, தொடாதே" என்று பயமுறுத்துகிறவர்களும் உண்டு. இரண்டு பேச்சிலும் கொஞ்சம் உண்மை இருக்கிறது. இரண்டிலும் கொஞ்சம் மிகையும் இருக்கிறது.

ஓர் உணவுப் பொருள் நல்லதா என்று கேட்டால், சாப்பிடுகிறவர் உடம்பை மட்டும் பார்த்துப் பதில் சொல்லிவிடுவது வழக்கம். தொழிலாளர்களாகிய நமக்கு அது போதாது. அந்தப் பொருள் விளைகிற மண்ணுக்கும் கடலுக்கும் என்ன ஆகிறது, அதில் வேலை செய்கிறவருக்கு என்ன ஆகிறது என்றும் கேட்க வேண்டும். இந்த மூன்று கேள்விகளையும் சால்மனிடம் கேட்டுப் பார்ப்போம்.

சால்மன் எங்கே, எப்படி வளர்கிறது?

சால்மன் குளிர்நாட்டு மீன். ஆற்றில் பிறந்து, கடலுக்குப் போய் வளர்ந்து, முட்டையிடுவதற்குப் பிறந்த ஆற்றுக்கே திரும்பி வரும். கடைகளில் அட்லாண்டிக் சால்மன் என்று விற்கப்படுவது இன்று ஏறக்குறைய முழுவதும் பண்ணையில் வளர்ந்ததுதான்.

இந்தத் தொழில் நார்வே நாட்டில் வேரூன்றியது. 1970-இல் ஹிட்ரா என்ற தீவில் இரண்டு சகோதரர்கள் கடலில் மிதக்கும் கூண்டு கட்டி, அதில் சால்மன் குஞ்சுகளை விட்டு வளர்த்து வெற்றி கண்டார்கள். அங்கிருந்து பெருகிப் பெருகி, இன்று நார்வே மட்டும் ஆண்டுக்கு ஏறக்குறைய 15 லட்சம் டன் விளைவிக்கிறது. அடுத்த இடம் தென் அமெரிக்காவின் சிலி நாட்டுக்கு. ஸ்காட்லாந்து, கனடா, ஆஸ்திரேலியாவின் டாஸ்மேனியா முதலிய இடங்களிலும் பண்ணைகள் உண்டு.

முதலில் குஞ்சுகளை நல்ல தண்ணீர்த் தொட்டியில் ஓராண்டு போல வளர்க்கிறார்கள். அவற்றுக்குத் தடுப்பூசி போடுகிறார்கள். ஆமாம், மீனுக்கும் ஊசி உண்டு! பிறகு கடலில் வட்டமாக மிதக்கும் வலைக் கூண்டுகளில் விடுகிறார்கள். பெரிய கூண்டு ஒன்றின் சுற்றளவு 160 மீட்டர் வரை இருக்கும். ஒரு கூண்டில் 2 லட்சம் மீனுக்கு மேல் இருக்கக்கூடாது என்பது நார்வே சட்டம். கடலில் ஓராண்டு முதல் இரண்டு ஆண்டுவரை தீனி தின்று, நான்கைந்து கிலோ எடை வந்ததும் பிடிக்கிறார்கள். பிறகு குடலை எடுத்து, ஐஸில் வைத்து, விமானத்தில் ஏற்றி நம் நாடு வரைக்கும் அனுப்புகிறார்கள்.

ஒரு கிலோ மீன் வளர ஏறக்குறைய ஒன்றேகால் கிலோ தீனி போதும். கோழிக்கும் மாட்டுக்கும் இதைவிட அதிகம் வேண்டும். இது இந்தத் தொழிலின் பக்கம் உள்ள நியாயம், அதை மறைக்கக்கூடாது.

முதல் கேள்வி: சாப்பிடுகிறவருக்கு நல்லதா?

நல்லதுதான். சால்மனில் புரதம் உண்டு, வைட்டமின் டி உண்டு. முக்கியமாக ஒமேகா 3 என்ற மீன் கொழுப்பு உண்டு. இந்தக் கொழுப்பு இருதயத்துக்கு உதவுகிறது. வயிற்றில் இருக்கும் பிள்ளையின் மூளைக்கும் கண்ணுக்கும் தேவைப்படுகிறது. 2006-இல் அமெரிக்க மருத்துவ ஏடு ஒன்றில் வெளிவந்த ஆய்வுத் தொகுப்பு, வாரம் ஒன்றிரண்டு தடவை மீன், அதிலும் கொழுப்புள்ள மீன் சாப்பிடுகிறவர்களுக்கு மாரடைப்பால் வரும் மரணம் மூன்றில் ஒரு பங்கு குறைகிறது என்று கணக்கிட்டது. சர்க்கரை நோயும் நெஞ்சு வலியும் அதிகம் காணும் நம் சமுதாயத்துக்கு இது சின்னச் செய்தி அல்ல.

அப்படியானால் பயமுறுத்துகிறவர்கள் சொல்வது என்ன? ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

சாயம்: காட்டுச் சால்மன் கடலில் சின்ன இறால் வகைகளைத் தின்கிறது. அந்த இறாலில் உள்ள அஸ்டாக்சாந்தின் என்ற சத்துதான் அதன் சதைக்கு நிறம் தருகிறது. பண்ணை மீனுக்கு இறால் கிடைப்பதில்லை. ஆகவே அதே சத்தைத் தீனியில் கலக்கிறார்கள். கலக்காவிட்டால் சதை வெளுத்து இருக்கும். அறுத்த மீன் மேல் சாயம் ஊற்றுகிறார்கள் என்பது தவறு. தீனி வழியாக நிறம் ஏற்றுகிறார்கள் என்பதே சரி. இதனால் கெடுதல் இல்லை.

நச்சுப் பொருள்: 2004-இல் 'சயன்ஸ்' என்ற அறிவியல் ஏட்டில் ஓர் ஆய்வு வந்தது. பல நாடுகளில் வாங்கிய சுமார் 700 சால்மன்களைச் சோதித்துப் பார்த்ததில், பி.சி.பி. என்ற பழைய ஆலைக் கழிவு நச்சு காட்டு மீனைவிடப் பண்ணை மீனில் அதிகமாக இருந்தது. உலகமே பரபரப்படைந்தது. அந்த நச்சு தீனியில் சேர்த்த மீன் எண்ணெயிலிருந்து வந்தது. அதன் பிறகு தீனியில் மீன் எண்ணெயைக் குறைத்துத் தாவர எண்ணெயைச் சேர்த்ததால் நச்சும் குறைந்தது.

ஆனால் ஒன்றைப் பெற ஒன்றை இழக்க வேண்டியிருந்தது. மீன் எண்ணெய் குறைந்ததும் மீனின் ஒமேகா 3-ம் குறைந்தது. ஸ்காட்லாந்துப் பண்ணைச் சால்மனை ஆராய்ந்தவர்கள், 2006-க்கும் 2015-க்கும் இடையில் அது ஏறக்குறைய பாதியாகிவிட்டது என்று 2016-இல் எழுதினார்கள். அப்படிக் குறைந்த பிறகும் பல மீன்களைவிடச் சால்மனில் ஒமேகா 3 அதிகம்தான் என்பதையும் அவர்களே சொன்னார்கள்.

பாதரசம்: சுறா, வாள்மீன் போன்ற பெரிய மீன்களில்தான் பாதரசம் சேரும். சால்மனில் குறைவு. கர்ப்பிணிகள் வேகவைத்த சால்மனைப் பயமில்லாமல் சாப்பிடலாம். ஆனால் பச்சையாகவோ, வேகவைக்காமல் புகையூட்டிய நிலையிலோ விற்கும் சால்மன் கர்ப்பிணிகளுக்கு ஆகாது. அதில் லிஸ்டீரியா என்ற கிருமி இருக்க வாய்ப்புண்டு. அது கருவுக்கே ஆபத்து. பிள்ளைகள் ஜப்பான் கடைகளில் பச்சை மீன் தின்று வரும் காலம் இது. வீட்டில் மாசமாக இருப்பவர்களுக்கு மட்டும் "அது வேணாம்மா" என்று சொல்லி வையுங்கள்.

கிருமிக்கொல்லி மருந்து: இங்கேதான் நாட்டுக்கு நாடு பெரிய வித்தியாசம். 1987-இல் நார்வே தன் பண்ணை மீன்களுக்கு ஏறக்குறைய 50 டன் ஆண்டிபயோடிக் மருந்தைச் செலவழித்தது. நல்ல தடுப்பூசிகள் வந்த பிறகு, மீன் உற்பத்தி பல மடங்கு பெருகியும், பல ஆண்டுகளாக அந்த மருந்து ஒரு டன்னுக்கும் குறைவாகவே போகிறது. சிலியிலோ, நல்ல தடுப்பூசிக்குக் கட்டுப்படாத ஒரு பாக்டீரியா நோய் மீன்களைப் பிடித்து ஆட்டுகிறது. 2014-இல் அங்கே 500 டன்னுக்கு மேல் மருந்து பயன்படுத்தினார்கள். அதன் பிறகு குறைந்திருந்தாலும், இன்றும் நூற்றுக்கணக்கான டன்தான். அந்த மருந்து நம் தட்டுக்கு வந்துவிடும் என்பதல்ல முக்கியப் பயம். பிடிப்பதற்கு முன் மருந்தை நிறுத்தி, உடம்பிலிருந்து இறங்க விடுகிறார்கள். கடலில் கலக்கும் மருந்துக்குக் கிருமிகள் பழகிப் போகின்றன. நாளைக்கு மனிதருக்கு நோய் வந்தால் அதே வகை மருந்து வேலை செய்யாமல் போகலாம். உலகமே பயப்படுவது அதற்குத்தான்.

ஆகவே முதல் கேள்விக்குப் பதில்: வேகவைத்துச் சாப்பிட்டால் உடம்புக்கு நல்லது, பயப்பட வேண்டியதில்லை.

இரண்டாம் கேள்வி: கடலுக்கு நல்லதா?

ஒரே இடத்தில் லட்சக்கணக்கான மீன்களை அடைத்தால் என்ன ஆகும்? ஒரு லயன் வீட்டில் நாலு குடும்பத்தை அடைத்தால் என்ன ஆகுமோ அதுதான். ஒருவருக்கு வந்தது எல்லோருக்கும் வரும்.

மீன் பேன் என்ற சின்ன ஒட்டுண்ணி சால்மனின் தோலைத் தின்கிறது. கூண்டில் அது பெருகி, பக்கத்து ஆற்றிலிருந்து கடலுக்குப் போகும் காட்டுச் சால்மன் குஞ்சுகளையும் பிடித்துக்கொள்கிறது. பேனைப் போக்க மருந்துக் குளியல், சுடுதண்ணீர்க் குளியல் என்று பலதும் செய்கிறார்கள். பேன் சாகிறது, சில வேளை மீனும் சாகிறது. 2023-இல் மட்டும் நார்வேயின் கடல் கூண்டுகளில் 6 கோடிக்கும் மேற்பட்ட சால்மன்கள் அறுவடைக்கு முன்பே செத்தன. நூற்றுக்கு 16-க்கு மேல்!

கூண்டு கிழிந்து தப்பும் மீன்கள் காட்டு மீன்களோடு கலந்து, அவற்றின் பிறவிக் குணத்தையே கெடுக்கின்றன. இத்தோடு கடல் சூடாவதும் சேர்ந்து, நார்வேயின் காட்டுச் சால்மன் 2021-இல் ஆபத்துக்கு அருகில் உள்ள உயிர்கள் பட்டியலில் ஏறியது. 2024 கோடையில் மீன் வரத்து மிகவும் குறைந்ததால், 33 ஆறுகளில் சால்மன் பிடிப்பதை அரசாங்கம் நிறுத்தி வைத்தது.

சிலியில் நடந்தது இன்னும் கடுமை. 2007-இல் சால்மனுக்கு இரத்தச் சோகை உண்டாக்கும் வைரஸ் நோய் பரவி, சில ஆண்டுகளில் அட்லாண்டிக் சால்மன் விளைச்சல் பாதிக்கும் கீழே விழுந்தது. அந்த வைரஸ் மனிதரைத் தொடாது. ஆனால் மனிதரின் பிழைப்பைத் தொட்டது. ஆயிரக்கணக்கான தொழிலாளர்கள் வேலை இழந்தார்கள். 2016-இல் கடலில் நச்சுப்பாசி பெருகி ஏறக்குறைய 40,000 டன் பண்ணை மீன் செத்தது. அதில் ஒரு பகுதியைக் கொண்டுபோய்க் கடலில் கொட்டினார்கள். அதே சமயத்தில் கரையோரச் சிப்பிகளும் நச்சாகி, சீலோயே தீவின் ஏழை மீனவர்கள் பிழைப்பு இழந்து சாலையை மறித்துப் போராடினார்கள்.

தீனிக்கும் ஒரு கதை உண்டு. 1990-ஆம் ஆண்டு வாக்கில் நார்வேச் சால்மன் தீனியில் பத்தில் ஒன்பது பங்கு, மீனிலிருந்து எடுத்த மாவும் எண்ணெயும்தான். இப்போது பெரும் பங்கு சோயா, கடுகு வகை எண்ணெய், கோதுமை போன்ற தாவரச் சரக்கு. இது முன்னேற்றம்தான். ஆனாலும் மிச்சமுள்ள பங்குக்குச் சின்ன மீன்கள் வேண்டும். பெரு நாட்டு நெத்திலி வகையை அரைக்கிறார்கள். மேற்கு ஆப்பிரிக்காவில் செனகல், காம்பியா, மோரித்தானியா கரைகளில் பிடிக்கும் சாளை வகை மீனும் மாவு ஆலைகளுக்குப் போகிறது. அந்த மாவும் எண்ணெயும் வெளிநாட்டு மீன் பண்ணைகளுக்குக் கப்பலேறுகின்றன. அந்தச் சாளை அங்குள்ள ஏழைகளின் அன்றாட உணவு. அதை வாங்கிப் புகையூட்டி விற்றுப் பிழைத்த பெண்கள், ஆலையோடு போட்டி போட்டு வாங்க முடியாமல் வெறும் கூடையோடு நிற்கிறார்கள்.

அரசாங்கங்கள் சும்மா இருக்கவில்லை. நார்வே 2017-இல் சாலை விளக்கு முறை கொண்டு வந்தது: பேன் தொல்லை குறைந்த பகுதிக்குப் பச்சை, அங்கே வளர்ப்பைக் கூட்டலாம், தொல்லை மிகுந்த பகுதிக்குச் சிவப்பு, அங்கே குறைக்க வேண்டும். அர்ஜென்டினாவின் தென்கோடி மாநிலமான தியரா டெல் ஃபுவேகோ 2021-இல் சால்மன் பண்ணைகளைச் சட்டம் போட்டுத் தடுத்தது. கனடா அரசாங்கம், தன் மேற்குக் கரையான பிரிட்டிஷ் கொலம்பியாவில் திறந்த வலைக் கூண்டுகளை 2029 நடுவோடு நிறுத்தப்போவதாக 2024-இல் அறிவித்தது. அந்த வேலையை நம்பியிருக்கும் ஊர்கள் "எங்க பொழப்பு என்னாவது?" என்று கேட்கின்றன. அதுவும் நியாயமான கேள்விதான்.

மூன்றாம் கேள்வி: வேலை செய்கிறவருக்கு நல்லதா?

மீனின் சத்தைப் பற்றி எழுதுகிறவர்கள் இதை அதிகம் எழுதுவதில்லை. நாம்தான் கேட்க வேண்டும்.

கூண்டு வேலை கடல் வேலை. குளிர்க் காற்று, கனமான கயிறு, பாரம் தூக்கும் இயந்திரம், வழுக்கும் தளம். நார்வேயில் மீன்பிடிப்புக்கு அடுத்தபடியாக அதிக உயிராபத்துள்ள தொழிலாக மீன் பண்ணை வேலையை ஆய்வாளர்கள் கணக்கிட்டிருக்கிறார்கள். இத்தனைக்கும் அது சட்டமும் சங்கமும் பலமாக உள்ள நாடு. சிலியில் வலையைச் சரிபார்க்கவும் செத்த மீனை எடுக்கவும் ஆட்கள் கடலுக்குள் முங்குகிறார்கள். ஆழத்தில் அதிக நேரம் இருந்துவிட்டு வேகமாக மேலே வந்தால் இரத்தத்தில் காற்றுக் குமிழி கட்டி, கை கால் முடங்கலாம், உயிரும் போகலாம். அப்படிப் போன உயிர்கள் பல. முங்குகிறவர்களில் பலர் குத்தகை ஆட்கள். குத்தகை என்றால் என்னவென்று நம் தோட்டங்களில் யாருக்கும் விளக்கத் தேவையில்லை.

கரையில் மீனைச் சுத்தம் செய்யும் தொழிற்சாலையில் பெண்கள் அதிகம். குளிர் அறையில், ஈரத்தில், மணிக்கணக்காக நின்றுகொண்டு ஒரே மாதிரி வெட்டு, ஒரே மாதிரி இழுப்பு. மணிக்கட்டும் தோளும் தேய்ந்து போகின்றன. பால் வெட்டிப் பழகிய நம் தாய்மார்களுக்கு அந்த வலி புரியும்.

மூச்சுக்கும் ஆபத்து உண்டு. 1995-இல் 'லான்செட்' என்ற புகழ்பெற்ற மருத்துவ ஏட்டில் பிரிட்டனின் ஒரு சால்மன் தொழிற்சாலையைப் பற்றி ஆய்வு வந்தது. அங்கே 291 தொழிலாளர்களில் 24 பேருக்கு அந்த வேலையாலேயே ஆஸ்துமா பிடித்திருந்தது. இயந்திரம் மீனை அறுக்கும்போது மீன் புரதம் கலந்த நீர்த்தூள் புகைபோல எழும்புகிறது. அதை நாள்தோறும் சுவாசித்தால் சிலருக்கு நெஞ்சு இறுகுகிறது. இயந்திரத்தை மூடி, காற்றை வெளியே இழுக்கும் விசிறி வைத்தால் இதைத் தடுக்கலாம். அது முதலாளி செலவு செய்ய வேண்டிய காரியம். தொழிலாளி மூக்கில் துணி கட்டிச் சமாளிக்க வேண்டிய காரியமல்ல.

இங்கே கொஞ்சம் நில்லுங்கள். அதே சால்மனைச் சாப்பிட்டவர் இருதயத்துக்கு நன்மை. அதை அறுத்தவர் நெஞ்சுக்குத் தீமை. ஒரே மீன்தான்! செம்பனை எண்ணெயை வாங்கிய வீட்டுக்காரருக்கு எந்தக் கெடுதலும் தெரியவில்லை. ஆனால் அந்தச் செம்பனைக்கு அடியில் பாராகுவாட் மருந்து அடித்த நம் பெண்களின் நகமும் கண்ணும் தோலும் என்ன பாடுபட்டன! அந்த மருந்து நம் நாட்டில் முழுமையாகத் தடை செய்யப்பட்டது 2020-இல்தான். எத்தனை ஆண்டுக் குரலுக்குப் பிறகு! உணவு சுத்தமாக இருக்கிறது என்பதாலேயே அது வந்த வழியும் சுத்தம் என்று ஆகிவிடாது.

முத்திரையை நம்பலாமா?

சால்மன் பொட்டலத்தில் ஏ.எஸ்.சி. என்ற பச்சை முத்திரை இருக்கும். அதன் சால்மன் விதிகள் 2012-இல் வந்தன. பேன் எவ்வளவு, மருந்து எவ்வளவு, தப்பிய மீன் எத்தனை, தொழிலாளர் உரிமை எப்படி என்றெல்லாம் பார்த்துத் தருகிறார்கள். நமக்கு இது புதிதல்ல. 2004-இல் தொடங்கிய ஆர்.எஸ்.பி.ஓ. என்ற செம்பனைச் சான்றிதழும் இதே மாதிரிதான். முத்திரை இருப்பது இல்லாததைவிட மேல். ஆனால் சோதனைக்காரர் ஒரு நாள் வருகிறார். தொழிலாளி வருஷம் முழுக்க அங்கேயே இருக்கிறார். பயமில்லாமல் வாய் திறக்கத் தொழிலாளிக்கு ஒரு சங்கம் இருந்தால்தான் முத்திரைக்கு மதிப்பு.

நம் வீட்டுச் சட்டிக்கு என்ன?

மூன்று கேள்வியும் கேட்டாயிற்று. இனி அடுப்படிக்கு வருவோம்.

ஒமேகா 3 சால்மனுக்கு மட்டும் சொந்தமானதல்ல. நம் பாசாரில் கிடைக்கும் கெம்போங் மீன், அதாவது அயிலை, அதிலும் அந்தச் சத்து உண்டு. சாளையிலும் நெத்திலியிலும் உண்டு. மீனுக்கு மீன், பருவத்துக்குப் பருவம் அளவு ஏறும் இறங்கும். சால்மன் துண்டில் கொழுப்பு அதிகம் என்பதும் உண்மை. ஆனால் மாதத்தில் ஒரு நாள் சால்மன் வாங்கித் தின்பதைவிட, வாரம் இரண்டு மூன்று தடவை கெம்போங் குழம்பு வைக்கும் குடும்பத்துக்கு நன்மை அதிகம். கைக்காசும் மிச்சம்.

கவனிக்க வேண்டியவை:

1. வாரம் இரண்டு தடவையாவது மீன் சேருங்கள். ஒரு தடவையாவது கெம்போங், சாளை போன்ற கொழுப்பு மீனாக இருக்கட்டும்.

2. குழம்பு, ஆவியில் வேகவைத்தது, வாழை இலையில் சுட்டது நல்லது. எண்ணெயில் முக்கிப் பொரித்த மீனை ஆராய்ந்தவர்களுக்கு, இருதயத்துக்குக் கிடைக்கும் அந்தப் பலன் தென்படவில்லை. பொரிப்பதை எப்போதாவது வைத்துக்கொள்ளுங்கள்.

3. டின் சாடினும் நல்ல மீன்தான். முள்ளையும் சேர்த்துத் தின்றால் சுண்ணாம்புச் சத்து. ஆனால் உப்பு அதிகம். இரத்தக் கொதிப்பு உள்ளவர்கள் சமைக்கும்போது மேலும் உப்புப் போட வேண்டாம். கருவாடும் அப்படியே, ஆசைக்குக் கொஞ்சம், அன்றாடம் வேண்டாம்.

4. மீனின் கண் தெளிவாகவும் செவுள் சிவப்பாகவும் இருக்கிறதா என்று பாருங்கள். மோட்டார் சைக்கிளில் வரும் மீன்காரரிடம் ஐஸ் இருக்கிறதா என்றும் கேளுங்கள்.

5. சால்மன் வாங்க வசதி இருந்து, ஆசையும் இருந்தால் வாங்குங்கள், தப்பில்லை. எந்த நாட்டு மீன், முத்திரை உண்டா என்று பார்த்து வாங்குங்கள். நன்றாக வேகவையுங்கள்.

6. வாங்க முடியவில்லையே என்று எந்தத் தாயும் மனம் வருந்த வேண்டாம். கெம்போங் தின்று வளரும் பிள்ளைக்கு மூளை குறையாது.

சிலியின் குளிர் அறையில் கத்தி பிடித்து நிற்கும் பெண்ணை நாம் பார்க்கப் போவதில்லை. அவளும் செம்பனைக் குலை வெட்டும் நம்மைப் பார்த்ததில்லை. ஆனாலும் "இந்தச் சாமான் நல்லதா?" என்று யாராவது கேட்டால், "சாப்பிடுறவங்களுக்கு நல்லதுதான், செய்யுறவங்களுக்கு எப்படி?" என்று திருப்பிக் கேளுங்கள். மீனைப் பற்றியும் கேளுங்கள், எண்ணெயைப் பற்றியும் கேளுங்கள். நம் வேலையிடத்தில் யாருக்காவது மூச்சு இறுகினால், கை மரத்தால், அதை விதி என்று விட்டுவிடாமல் அன்றைக்கே கிளினிக்கில் சொல்லிப் பதிய வையுங்கள்; சங்கக் கிளைச் செயலாளரிடமும் சொல்லுங்கள். எழுத்தில் இருந்தால்தான் நாளைக்கு நியாயம் கேட்க முடியும்.